கையெழுத்துப் போடும் முன்



சென்ற மாதத் தபாலில் ஒரகடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய கணவர் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஏழு வருடமாக வேலை பார்த்தவர். ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி, இன்னும் பலரோடு சேர்த்து அவரையும் நிறுத்திவிட்டார்கள். 'வேலை போனா மூணு மாசத்துக்குப் பாதிச் சம்பளம் தர்றாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நெஜமா, புரளியா? எங்களுக்குக் கிடைக்குமா?' என்று கேட்டிருந்தார். கூடவே கடைசி மாதச் சம்பளச் சீட்டின் நகலையும் மடித்து வைத்திருந்தார். நல்ல காரியம் செய்தார். கேள்விக்கான பாதிப் பதில் அந்தச் சீட்டிலேயே இருக்கிறது.

மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய். பிடித்தங்களில் பி.எஃப்.புக்குக் கீழே 'இ.எஸ்.ஐ. 135' என்று ஒரு வரி. சம்பளத்தில் 0.75 சதவீதம். இதே கணக்கில் முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து மாதம் 720 ரூபாய், ஏழு வருடமாகப் போயிருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் இது உண்டு. ஆனால் இ.எஸ்.ஐ. என்றாலே நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது மருந்தக வரிசையும் மாத்திரைக் கவரும்தான். விஷயம் தெரிந்த வீடுகளில் பிரசவ காலச் சம்பளத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். வேலை போனாலும் அதில் பணம் உண்டு என்பதைக் கம்பெனியில் யாரும் சொல்வதில்லை. சம்பளச் சீட்டில் எழுதியும் இருக்காது.

வாட்ஸ்அப்பில் வந்தது புரளி இல்லை. திட்டத்தின் பெயர் 'அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா'. 2018 ஜூலை 1-ஆம் தேதி முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. ஆரம்பத்தில் சராசரிச் சம்பளத்தில் கால் பங்குதான் தந்தார்கள். அதையும் வேலை போய் 90 நாள் கழித்துத்தான் கேட்க முடியும். 2020 ஊரடங்கில் பட்டறைகளும் ஆலைகளும் இழுத்து மூடப்பட்ட பிறகு விதியைத் தளர்த்தினார்கள். கால் பங்கு அரைப் பங்கானது, 90 நாள் காத்திருப்பு 30 நாளானது. பழைய முதலாளி மூலமாகத்தான் மனு வரவேண்டும் என்ற நிபந்தனையும் போய், தொழிலாளியே நேராக விண்ணப்பிக்கலாம் என்றானது. என்னைக் கேட்டால், இந்தக் கடைசித் தளர்வுதான் பெரிது. வெளியே அனுப்பிய முதலாளியின் வாசலிலேயே போய்க் கையெழுத்துக்கு நிற்க யாருக்கு மனம் வரும்? இன்னமும் இது முன்னோடித் திட்டம்தான், அவ்வப்போது காலத்தை நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். அதனால் விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளை அலுவலகம் என்று சொன்னதைக் கவனியுங்கள். மருந்தகம் அல்ல. நம் மாநிலத்தில் இ.எஸ்.ஐ. மருந்தகங்களை நடத்துவது மாநில அரசு. பண உதவிகளைக் கவனிப்பது இ.எஸ்.ஐ. கழகத்தின் கிளை அலுவலகம். மருந்தகத்து கவுன்ட்டரில் கேட்டு, 'அப்படி ஒண்ணும் இல்லையே' என்ற பதிலோடு திரும்பியவர்கள் உண்டு. அங்கிருப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அது அவர் வேலை இல்லை.

எவ்வளவு கிடைக்கும்? வேலை போவதற்கு முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில், அதாவது இரண்டு வருடத்தில், வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுப்பார்கள். வருவது ஒரு நாள் சராசரி. அதில் பாதியை அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவார்கள். இந்த வீட்டுக் கணக்கையே போடுவோம். மாதம் 18,000 என்றால் இரண்டு வருடத்துக்கு 4,32,000. ஒரு நாளைக்குச் சுமார் 592 ரூபாய், அதில் பாதி 296. மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 26,600 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். நடுவில் நான்கு மாதம் சம்பளமே இல்லாமல் இருந்திருந்தால்? மொத்தம் குறையும், ஆனால் வகுக்கும் 730 குறையாது. கிடைப்பது 22,000 ரூபாய்ச் சுமாருக்கு இறங்கிவிடும். 'பாதிச் சம்பளம்னாங்க, கம்மியா வந்திருக்கு' என்று குழம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். வாழ்நாளில் ஒரே முறைதான் இந்த உதவி. வேலை போன நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும்.

யாருக்குக் கிடைக்கும் என்பதில் முதல் நிபந்தனை, வேலை போவதற்கு முன் குறைந்தது இரண்டு வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை அடுத்தது. வேலை போவதற்குச் சற்று முந்தைய காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும். ஆதாரும் வங்கிக் கணக்கும் இ.எஸ்.ஐ. எண்ணோடு இணைந்திருக்க வேண்டும். இரண்டு இடத்தில் வேலை பார்த்தவர் என்றால் இரண்டும் போயிருந்தால்தான் கணக்கு.

படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. இடறுவது வேறோர் இடத்தில். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பழைய இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டுவிடுவது நடக்கிறது. ஆள் ஒருவர், எண் இரண்டு. இரண்டு வருடச் சந்தா இரண்டு கணக்கில் சிதறிக் கிடக்கும், எந்தக் கணக்கிலும் நாள் நிறைந்திருக்காது. சில இடங்களில் சம்பளத்தில் பிடித்தம் நடந்திருக்கும், கழகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. கழகத்தின் இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு உள்ளே போனால் எந்தெந்த மாதத்துக்கு எத்தனை நாள் சந்தா ஏறியிருக்கிறது என்று தெரியும். வேலை போன பிறகு பார்ப்பதைவிட வேலையில் இருக்கும்போதே பார்ப்பது புத்திசாலித்தனம். இதைப் படிக்கிறவர்களில் வேலையில் இருப்பவர்கள் இன்று ராத்திரியே பார்த்துவிடுங்கள்.

இனி, இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

வாசகியின் கடிதத்தில் இரண்டாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. 'ஹெச்.ஆர். சொன்னாங்கன்னு அவர் அன்னிக்கே பேப்பர் போட்டுக் கொடுத்துட்டு வந்துட்டாரு.' சம்பளச் சீட்டைவிடக் கனமான வரி அது. நிறுத்தியது கம்பெனி. ஆனால் காகிதத்தில், சொந்தக் காரணத்துக்காக ராஜினாமா செய்தவர் அவர்.

இது எப்படி நடக்கிறது என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள். டைப் செய்த கடிதம் மேஜையில் தயாராக இருக்கிறது. 'நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் சுத்தமா இருக்கும், அடுத்த கம்பெனியில கேள்வி வராது. இல்லன்னா டெர்மினேஷன்னு போட வேண்டியிருக்கும்' என்கிறார்கள். செட்டில்மென்ட் இந்த வாரமே வந்துவிடும் என்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்கலாம் என்றால் போன் செக்யூரிட்டியிடம் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன போகிறது என்று பார்ப்போம். தொழில் தகராறுகள் சட்டம் 1947-இல் இருந்து நம்மிடம் இருந்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும் என்பது அதன் 25எஃப் பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்த 15 நாள் கணக்கு அப்படியே இருக்கிறது. அதோடு, ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுதிறன் பயிற்சி நிதியாக இன்னொரு 15 நாள் சம்பளத்தையும் முதலாளி செலுத்த வேண்டும், 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். ராஜினாமா என்று எழுதிவிட்டால் இவை எதுவும் இல்லை.

இ.எஸ்.ஐ.யிலும் இழப்பு இருக்கிறது. அடல் திட்டம் தவிர அங்கே இன்னொரு பழைய திட்டம் உண்டு. 2005 ஏப்ரல் முதல் இருக்கும் ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடல், சட்டப்படியான ஆட்குறைப்பு, வேலையோடு தொடர்பில்லாத காரணத்தால் ஏற்பட்ட 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் என்று மூன்று காரணங்களுக்கு மட்டும் தருவது. ஆனால் அதிகபட்சம் 24 மாதம் வரை தரும், முதல் ஆண்டில் பாதிச் சம்பளம், மருத்துவமும் உண்டு. மூன்று மாதம் எங்கே, இரண்டு வருடம் எங்கே! அதே ஆள், அதே கம்பெனி, அதே நாளில் போன வேலை. 'ஆட்குறைப்பு' என்று ஓர் ஆணை கையில் இருந்தால் இந்தக் கதவு திறக்கும். 'சொந்தக் காரணம்' என்றிருந்தால் தட்டக்கூட முடியாது.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை நினைத்துக்கொள்கிறேன். 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே அந்த ஆண்டில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து, ஆயிரக்கணக்கானோர் அதில் போய்விட்டார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண்கள். விருப்ப ஓய்வில் கிடைக்கும் மொத்தத் தொகை சட்டப்படியான இழப்பீட்டைவிடப் பெரிதாகக்கூட இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ஆட்குறைப்பு ஆகாது. ஆகவே யாராவது விருப்ப ஓய்வுக் காகிதத்தை நீட்டினால், தொகையை மட்டும் பார்க்காமல், அதை வாங்கினால் எதையெல்லாம் விடுகிறோம் என்பதையும் எதிரில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

கையெழுத்தே போடாதீர்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு வீரம் பேசுவது எனக்குச் சுலபம். அடுத்த வேலை தேடும்போது பழைய கம்பெனியைக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள் என்பது நிஜமான பயம். ஆனால் இதில் ஒரு மயக்கு வேலை இருக்கிறது. ஒழுங்கீனத்துக்காக நீக்குவது வேறு, வேலை இல்லை என்று ஆளைக் குறைப்பது வேறு. இரண்டாவதில் தொழிலாளியின் மேல் ஒரு கறையும் இல்லை. எனவே கேட்க வேண்டியது, 'பணி குறைந்ததால் ஆட்குறைப்பு' என்று காரணம் எழுதிய கடிதம். தர மறுத்தால், 'யோசித்து நாளைக்குச் சொல்கிறேன்' என்று காகிதத்தின் நகலோடு எழுந்து வரலாம். அதுவும் முடியாமல் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டால், நாள் கடத்தாமல் நடந்ததை எழுதிப் பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கு அனுப்பி, தொழிலாளர் உதவி ஆணையரிடம் சமரச மனு கொடுக்கலாம். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா செல்லாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் கட்டாயம் இருந்தது என்று காட்டும் பாரம் தொழிலாளியின் தலையில்தான். அன்றைக்கே எழுதிய கடிதமும் ஆறு மாதம் கழித்து எழுதிய கடிதமும் அங்கே ஒன்றாகாது.

ஒரகடம் சகோதரிக்கு: அம்மா, அடல் திட்டத்தின் விதியில் விலக்கப்பட்டவர்கள் மூன்று வகை. ஒழுங்கீனத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர், ஓய்வு வயதில் போனவர், விருப்ப ஓய்வில் போனவர். உங்கள் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த காகிதத்தால் கேள்வி வரத்தான் செய்யும். அதற்காகக் கேட்காமலே இருந்துவிடாதீர்கள். கழகத்தின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்திட்டு, ஆதார், வங்கிக் கணக்கு நகல்களோடு கிளை அலுவலகத்தில் கொடுங்கள். முன்பு கேட்ட பிரமாணப் பத்திரம் இப்போது வேண்டாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். இது யாரும் கொடுக்கும் இனாம் இல்லை, மாதாமாதம் 135 ரூபாய் கட்டியவர் கேட்கிறார்.

இன்னொன்று, இதை உடனே கவனியுங்கள். வேலை போனதோடு இ.எஸ்.ஐ. மருத்துவமும் போய்விட்டது என்று நினைத்து, சர்க்கரை மாத்திரையை வெளியே காசு கொடுத்து வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தேவையில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரையான காலத்தில் 78 நாளுக்குச் சந்தா ஏறியிருந்தால், அதற்கான மருத்துவ உரிமை அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. பிப்ரவரிக் கடைசியில் வேலை போனவருக்கு அந்த டிசம்பர் வரைகூட மருந்தகம் உண்டு.

பி.எஃப். பற்றியும் கேட்கிறீர்கள். வேலை போய் ஒரு மாதமானால் 75 சதவீதம், இரண்டு மாதமானால் மீதி என்பது 2018 டிசம்பரில் வந்த விதி. 2025 அக்டோபரில் அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது: 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதிக்கு 12 மாதம் பொறுக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் எது காட்டுகிறதோ அதுதான் செல்லும். கம்பெனி வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே யு.ஏ.என். கணக்கில் பதிந்துகொள்ளலாம். ஐந்து வருடம் முடித்தவர்கள் கிராஜுவிட்டியை மறந்துவிடாதீர்கள். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை. இதற்கு ராஜினாமா செய்தவருக்கும் உரிமை உண்டு. எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று இதையும் விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கத்தான் ஆற்றாமையாக இருக்கிறது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்களுக்கு மாநில அரசு தரும் உதவித்தொகையையும் அடல் திட்டத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. பதிந்து ஐந்து வருடமாகியும் வேலை கிடைக்காத, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு, பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 முதல் பட்டதாரிக்கு 600 வரை. நேற்று வேலை போனவருக்கான பணம் அல்ல.

ஐ.டி.யில் இருக்கும் வாசகர்கள், 'எங்களுக்கு?' என்று கேட்பது காதில் விழுகிறது. மாதம் 21,000 ரூபாயைத் தாண்டியவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. சம்பள உயர்வு ஒன்று வந்து 21,500 ஆனால், அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் வேலையிழப்புக் காப்பும் முடிந்தது. இந்தியாவில் அவருக்கு அதற்கு மாற்றாக ஒன்றும் இல்லை. வீட்டுக் கடனோடு ஒட்டி விற்கும் வேலையிழப்புக் காப்பீடு சில மாதத் தவணையைக் கட்டும், ஆனால் அதிலும் ராஜினாமா செய்தவருக்கு இடமில்லை. சந்தா கட்டத் தயாராக இருக்கும் சம்பளக்காரரை உச்சவரம்பு சொல்லி வெளியே நிறுத்துவதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. நம் அரசியல் சாசனத்தின் 41-ஆவது பிரிவு, வேலையின்மையிலும் முதுமையிலும் நோயிலும் அரசு உதவ வேண்டும் என்கிறது, பொருளாதார வசதிக்கு உட்பட்டு. 2017 ஜனவரியில் வைத்த 21,000 ரூபாய் வரம்பு இத்தனை விலையேற்றத்துக்குப் பிறகும் எத்தனை நாளைக்கு அப்படியே நிற்கும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கின்றன. நாமும் சேர்ந்து கேட்கலாம்.

அடல் திட்டத்திலோ ராஜீவ் காந்தி திட்டத்திலோ விண்ணப்பித்தவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பீர்கள். எந்தக் கிளை, என்னென்ன கேட்டார்கள், பணம் எத்தனை நாளில் வந்தது, மறுத்தால் என்ன காரணம் எழுதிக் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். மறுப்புக் கடிதத்தின் நகல் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். பெயர், கம்பெனி, எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டே வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்